பேச்சாளர் இல்லாத கூட்டம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அக்கம்பக்கத்தில் யாரும் யாரோடும் பேசுவதில்லை, எல்லாரும் செல்போனுக்குள் போய்விட்டார்கள் என்று வருத்தப்பட்டு உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். வருத்தம் நியாயமானதுதான். ஆனால் பழியை முழுக்கப் போன் மேல் போட்டது எனக்குச் சரியாகப் படவில்லை. வேலூரில் கூட்டங்களுக்குப் பஞ்சமே இல்லை. போகிறவர்கள் பேசுவதற்குத்தான் அங்கே வழியில்லை.

நம் ஊர் இலக்கியக் கூட்டம் ஒன்றை நினைத்துப் பாருங்கள். அழைப்பிதழில் மாலை 6 மணி என்று இருக்கும். ஆறேமுக்காலுக்கு மைக் செட்காரர் அப்போதுதான் ஒயரை இழுத்துக்கொண்டிருப்பார். தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, முன்னிலை, தலைமையுரை, வாழ்த்துரை. வாழ்த்துபவர்கள் நாலைந்து பேராவது இருப்பார்கள். ஒவ்வொருவரும் 'நேரத்தின் அருமை கருதி' என்று ஆரம்பித்துத்தான் நேரத்தைச் சாப்பிடுவார்கள். நடுநடுவே பொன்னாடை. பொன்னாடைக்குப் போட்டோ. சிறப்புப் பேச்சாளர் எழும்போது எட்டரை ஆகியிருக்கும். கலந்துரையாடல் என்று அழைப்பிதழில் அச்சடித்த கடைசி வரி 'நேரமின்மை காரணமாக' கைவிடப்படும். குடியாத்தம் பக்கம் போகிறவர்கள் அதற்குள் பஸ்ஸைப் பிடிக்க எழுந்து போயிருப்பார்கள். பக்கத்து நாற்காலியில் இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்தவர் பெயர்கூடத் தெரியாமல் வீட்டுக்கு வருவோம்.

ஏற்பாடு செய்கிறவர்களின் உழைப்பை நான் குறை சொல்லவில்லை. கைக்காசு போட்டுத்தான் நடத்துகிறார்கள். ஆனால் பேச ஒருவர், கேட்க நூறு பேர் என்ற அமைப்பில் ஊர் கூடுமே தவிர உறவு உண்டாகாது.

இத்தனைக்கும் சேர்ந்து உட்கார்வது வேலூரை உள்ளடக்கிய பழைய வடாற்காடு மாவட்டத்துக்காரர்களுக்குப் புதிதில்லை. திரௌபதி அம்மன் கோயில்களில் நடக்கும் அக்னி வசந்த விழாவைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். நாள் கணக்கில் நடக்கும். பகலில் பந்தலுக்குக் கீழே மகாபாரதச் சொற்பொழிவு, இரவில் தெருக்கூத்து. அர்ஜுனன் தபசுக்கு மரம் நட வேண்டும், கடைசி நாள் துரியோதனன் விழும் படுகளத்துக்கு மண்ணைக் குழைத்து அவன் உருவத்தைப் படுக்க வைக்க வேண்டும், மாலையில் தீமிதிக்கு விறகு சேர்க்க வேண்டும். வீட்டுக்கு வீடு வரி வசூல், கூத்தாடிகளுக்குச் சாப்பாடு. கதையைப் பற்றிய விவாதமெல்லாம் இந்த வேலைகளுக்கு நடுவேதான் நடக்கும். கர்ணன் செஞ்சோற்றுக் கடன் தீர்த்தது சரியா தப்பா என்று மண் குழைக்கிற இடத்தில் நடக்கும் சண்டையைக் கேட்டால் எந்தப் பட்டிமன்றமும் தோற்கும். அதற்காக அந்த விழாவைத் தலையில் தூக்கி வைத்து ஆடவும் எனக்கு மனமில்லை. எந்தத் தெருவுக்கு எந்த வேலை, யார் எங்கே நிற்கலாம் என்ற பழைய கணக்குகள் அங்கேயும் உண்டு. நான் எடுத்துக்கொள்வது ஒன்றைத்தான்: கை ஒரு வேலையில் இருந்தால் வாய் தானாகத் திறக்கிறது.

குடியாத்தத்தில் எங்கள் தெருவில் பீடி சுற்றிய பெண்களும் அப்படித்தான். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. அவரவர் வீட்டிலேயே தனியாக உட்கார்ந்து சுற்றலாம், யாரும் தடுக்கப்போவதில்லை. ஆனாலும் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் முறத்தைத் தூக்கிக்கொண்டு ஒரே திண்ணைக்கு வந்துவிடுவார்கள். படிக்கத் தெரிந்த ஒருத்தி பேப்பரை உரக்கப் படிப்பாள், அவள் பங்கு இலையை மற்றவர்கள் வெட்டித் தருவார்கள். விலைவாசி, மருமகள், எம்.எல்.ஏ. எல்லாமே அங்கே அலசப்படும். தலைமை, முன்னிலை எதுவும் கிடையாது.

மகளிர் சுய உதவிக் குழுவையும் பாருங்கள். 1989இல் பக்கத்துத் தருமபுரியில் தொடங்கிய ஏற்பாடு இன்று தெருவுக்குத் தெரு இருக்கிறது. வாசகர் வட்டங்கள் நாலு மாதத்தில் நின்றுபோகும்போது இது மட்டும் எப்படி நிற்கிறது? பணம் இருக்கிறதே என்பீர்கள். சரி, பணம் ஒரு காரணம். ஆனால் ஒரு குழுவில் 12 முதல் 20 பேர்தான். கூடும் நாள் மாறுவதில்லை. வராதவரை ஏன் வரவில்லை என்று கேட்க ஆள் இருக்கிறது. வட்டமாக உட்கார்வதால் பின்வரிசை என்று ஒன்று கிடையாது. தீர்மான நோட்டில் எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும். கடன் பேச வந்தவர்கள் அப்படியே பிள்ளையின் படிப்பையும், குடித்துவிட்டு அடிக்கும் கணவனையும் பேசிவிட்டுப் போகிறார்கள். இந்த ஏற்பாட்டில் பாதியையாவது இலக்கியவாதிகள் கடன் வாங்கலாம், வட்டி கிடையாது!

இன்னொரு சங்கதி, நேரம். மாலை ஆறரை மணிக் கூட்டத்தில் பெண்கள் குறைவு என்று மேடையிலேயே வருத்தப்படுகிறார்கள். ஆறரைக்கு எந்த வீட்டில் அடுப்பு எரியாமல் இருக்கிறது? ஊர்ப்பக்கம் பாரதச் சொற்பொழிவு மத்தியானம் நடக்கும்போது பந்தல் நிறையப் பெண்கள்தான். வேலூர் வெயிலில் மூன்று மணிக்கு யார் வெளியே வருவார்கள் என்று கேட்கலாம். நாலு மணிக்கு வையுங்கள், ஓடுகிற மின்விசிறிக்குக் கீழே வையுங்கள், வருவார்கள்.

இடம் எங்கே என்ற கேள்விக்குப் பதில் நம் கண்ணெதிரே இருக்கிறது. சுதந்திர இந்தியாவிலேயே முதலில் பொது நூலகச் சட்டம் வந்தது நம் மாநிலத்தில்தான், 1948இல். நாம் கட்டும் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்துதான் போகிறது. ஆக, கிளை நூலகம் நம் காசில் நடக்கும் வீடு. அங்கே வாசகர் வட்டம் என்று ஒன்று பெயருக்காவது இருக்கும். நூலக வார விழாவுக்குப் பேனர் பிடிக்க மட்டும் அது நினைவுக்கு வரும். கோயில் பந்தலில் இருக்கும் தெருக் கணக்கு நூலக வாசலில் இல்லை என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. செருப்பைக் கழற்றிவிட்டு வரச் சொல்வார்கள், அவ்வளவுதான்.

சத்துவாச்சாரியில் நாங்கள் சிலர் செய்துவருவதைச் சொல்கிறேன், பெருமைக்காக இல்லை. ஞாயிற்றுக்கிழமை மாலை கூடுகிறோம். யாரும் எதையும் முன்கூட்டிப் படித்துவிட்டு வர வேண்டாம், ஏனென்றால் யாரும் படித்துவிட்டு வருவதில்லை. ஒரு சிறுகதையோ கட்டுரையோ அங்கேயே மாற்றி மாற்றி உரக்கப் படிக்கிறோம். படிக்கும்போதே மற்றவர்கள் கிழிந்த புத்தகங்களைச் சரிசெய்வார்கள். நூலகரிடம் சொல்லி வாங்கி வந்தவை சில, தெருப் பிள்ளைகளின் பாடப் புத்தகங்கள் சில. மைதா பசை காய்ச்சி, பூச்சி அரிக்காமல் இருக்கக் கொஞ்சம் மயில்துத்தம் சேர்த்து, முதுகில் காலிகோ துணி ஒட்டுவது. துத்தம் விஷம் என்பதால் பசைச் சட்டியைப் பிள்ளைகள் கையில் கொடுப்பதில்லை. ராணிப்பேட்டையில் பிட்டராக வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் வருகிறார். ஆரம்பத்தில் வாயே திறக்கமாட்டார், ஊசி நூலோடு மூலையில் இருப்பார். ஒருநாள் கதையில் ஒரு தொழிலாளி மெஷினை நிறுத்தும் இடம் வந்தது. "அப்படி நிறுத்தினா கை போயிடும்மா" என்று குறுக்கே ஆரம்பித்தவர் அரை மணி நேரம் பேசினார். அவரை மேடைக்குக் கூப்பிட்டிருந்தால் அடுத்த வாரம் வந்திருக்கவே மாட்டார்.

உருது பேசும் அக்கா ஒருவர், வாணியம்பாடி முஷாயிராவில், அதாவது உருதுக் கவியரங்கத்தில், கவிஞர் ஒரு வரி சொன்னதும் கூட்டமே 'வாஹ் வாஹ்' என்று எழுவதைச் சொல்லிச் சிரிப்பார். நாம் பேச்சு முடியும்வரை காத்திருந்து கைதட்டுகிறோம், அதுவும் முடிந்ததே என்று!

நகருக்குள் நமக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. சி.எம்.சி. மருத்துவமனைக்கு வங்காளம், ஜார்க்கண்ட், அசாம் என்று எங்கிருந்தோ வருகிறவர்கள் லாட்ஜ் அறைகளில் வாரக்கணக்கில் தங்குகிறார்கள். நோயாளி உள்ளே இருக்க, கூட வந்தவர் காந்தி ரோட்டில் சும்மா நடந்துகொண்டிருப்பார். அவரிடம் நாம் வாடகையும் ஆட்டோ கட்டணமும் மட்டும்தான் பேசுகிறோம். அங்கே ஒரு சமுதாயக் கூடத்தைச் சாயங்காலத்தில் திறந்து, கேரம் போர்டும் தேநீரும் வைத்தால் போதும். கேரம் ஆட மொழி வேண்டாம். மாநகராட்சி மனது வைத்தால் நடக்கக்கூடியதுதான்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். 'இன்றைய நிகழ்ச்சிகள்' பகுதியில் ஒரு சிறு கூட்டத்தைப் பற்றிப் போடச் சொல்லி எழுதியபோது, சிறப்பு விருந்தினர் பெயர் இல்லாமல் போட முடியாது என்று உங்கள் அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. தயவுசெய்து அந்த விதியைத் தளர்த்துங்கள். இடம், நேரம், கையில் கொண்டுவர வேண்டிய பொருள் ஆகிய மூன்று மட்டும் அச்சிட்டால் போதும். பேச்சாளர் என்ற இடத்தை வெறுமனே விட்டுவிடலாம்.

இப்படிக்கு,
வாசகி ஒருத்தி,
சத்துவாச்சாரி, வேலூர்