நாகர்கோவில் வீட்டுக்கு நெட்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. நாகர்கோவிலிலேயே வீடு அமைந்ததில் ரொம்ப சந்தோஷம். மாடிப்படி ஏற வேண்டாம் என்பது அம்மாவின் மூட்டு வலிக்கு எவ்வளவோ ஆறுதல்.

சரி, விண்டோஸுக்குப் பதில் உன் கணினியில் ஓடும் லினக்ஸுக்கு ஒத்துவரும் நெட் இணைப்பு எது என்று கேட்டிருந்தாய். கம்பெனி எதுவானாலும், லாகின் எங்கே நடக்கிறது என்று முதலில் கேள். ரவுட்டரே யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுத்து இணைந்துகொண்டால் உன் டெபியன் லினக்ஸுக்கு வேலையே இல்லை. லேன் கேபிளைச் செருகியதும் ஐபி முகவரி (நெட்வொர்க்கில் கணினிக்கான எண் முகவரி) தானாக வந்துவிடும். கணினியில் எங்கள் மென்பொருளைப் போட்டால்தான் நெட் வரும் என்று சொன்னால் மட்டும் ஒத்துக்கொள்ளாதே.

பழைய வீட்டில் நான் பட்ட பாடு உனக்குச் சொல்லவில்லையே. இணைப்பு கொடுக்க வந்தவர் திரையைப் பார்த்தார். "விண்டோஸ் போட்டுட்டுக் கூப்பிடுங்க சார்" என்று கிளம்பிவிட்டார். இரண்டு நாள் நெட் இல்லை. மகள் கல்லூரி விண்ணப்பத்தைப் பக்கத்து வீட்டில் போய் நிரப்பினாள். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. ஏனென்றால் அவர்கள் கேட்டது வெறும் பிபிபிஓஇ லாகின்தான், அதாவது யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுத்து நெட்டில் இணையும் முறை. 1999-லேயே வெளிவந்த பொது வரையறை அது, லினக்ஸுக்குப் பழகிய விஷயம். மூன்றாம் நாள் போனை யூஎஸ்பி கேபிளில் மாட்டி அதன் நெட்டில், இந்த லாகினை அமைத்துத் தரும் பிபிபிஓஇகான்ஃப் என்ற நிரலை நிறுவினேன். யூசர்நேமைக் கொடுத்ததும் இணைந்துவிட்டது. நீயும் இப்படிக் கணினியிலிருந்தே இணைந்து, சில தளங்கள் மட்டும் திறக்காமல் நின்றால், எம்டியூ, அதாவது ஒரு தடவையில் அனுப்பும் தரவுப் பொதியின் உச்ச அளவு, 1492 பைட் என்று இருக்கிறதா பார். பிபிபிஓஇ 8 பைட்டை எடுத்துக்கொள்வதால் வழக்கமான 1500 ஆகாது.

அப்புறம், கல்லூரியிலிருந்து எஸ்எஸ்ஹெச் (தூரத்திலிருந்தே கணினிக்குள் நுழைந்து இயக்கும் முறை) வழியே வீட்டுக் கணினிக்குள் வர வேண்டும் என்றாயே, பணம் கட்டுமுன் அதைக் கட்டாயம் கேள். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் வான் (WAN) முகவரி, அதாவது கம்பெனி ரவுட்டருக்குக் கொடுத்த ஐபி முகவரி, 100.64-இலிருந்து 100.127-க்குள் தொடங்கினால், ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கிறார்கள் என்று அர்த்தம். வெளியிலிருந்து வரும் இணைப்பை உன் கணினிக்குத் திருப்பிவிடும் போர்ட் ஃபார்வர்டு எவ்வளவு செய்தாலும் வெளியிலிருந்து உள்ளே வர முடியாது. ஸ்டாடிக் ஐபி (உனக்கே உரிய மாறாத பொது முகவரி) தருவார்களா, இல்லாவிட்டால் ஐபிவி6 (பங்கிட வேண்டிய தேவையில்லாத புதிய முகவரி முறை) ஆவது உண்டா என்று கேள். வேகத்தை விட உனக்கு இதுதான் முக்கியம்.

வைஃபை டாங்கிள் இப்போது வாங்காதே. சிலவற்றுக்கு லினக்ஸில் அதை இயக்கும் டிரைவர் மென்பொருளைத் தேடி அலைய வேண்டியிருக்கும். உன் மேசை வரை லேன் கேபிள் இழுக்க வீட்டுக்காரரிடம் கேட்டு வை.

பொங்கலுக்கு வருகிறேன். அதற்குள் இணைப்பு வந்துவிட்டால் ரவுட்டர் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன். அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
செல்வம்