பெட்டி என்ன நிறம்?

சென்னை,
ஞாயிறு மதியம்

அன்புள்ள மாப்பிள்ளை,

முதலில் ஆசைதீர என்னைத் திட்டி முடி, அப்புறம் படி. அய்யா போய் நாலு மாதம் ஆகிவிட்டது. அன்றைக்கு வர முடியவில்லை, சரி. பதினாறாம் நாளுக்காவது வந்திருக்க வேண்டாமா? "லீவு கிடைக்கல" என்று போனில் சொன்னேன். "பரவாயில்லடா" என்று நீ வைத்துவிட்டாய். நீ நாலு வார்த்தை கெட்டதாகப் பேசியிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

இங்கே எல்லோரும் நலம். சின்னவள் பிளஸ் டூ, அதனால் வீட்டில் யாரும் சத்தமாகத் தும்முவதுகூட இல்லை. என் சர்க்கரை உன் சர்க்கரையைவிடத் தேவலை. பல்லி வாத்தியார் மகனைத் தாம்பரத்தில் பார்த்தேன். அதே நடை, அதே கழுத்து.

விஷயம் இதுதான். போன வாரம் அய்யா சொல்லும் ஆளவந்தார் கொலைக் கதையை மறுமுனையில் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். மானாமதுரைக்காரன் நமக்குக் கிடைத்தது முண்டம்தானே? தலை கிடைத்த இடம் ராயபுரம். முப்பது வருஷமாக இதே ஊரில் இருக்கிறேன், ஒரு நாள் போனதில்லை.

புடவை எடுக்க என்று அவள் அந்தப் பக்கத்து எம்.சி. ரோட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். இரண்டாவது கடையிலேயே நான் நழுவி, செமட்டரி ரோடு எங்கே என்று கேட்டு நடந்தேன். 1952 ஆகஸ்ட் 28, ஆளவந்தார் கடைசியாகப் போன வீடு அந்தத் தெருவில்தான் இருந்தது. கதவு எண் எனக்குத் தெரியும், எழுதமாட்டேன். இப்போது அங்கே குடியிருப்பவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? எழுதினாலும் பிரயோஜனம் இல்லை. சென்னையில் ஒரு வீட்டுக்குப் பழைய எண், புது எண் என்று இரண்டு ஜாதகம். மாவு மில் வாசலில் நின்ற அம்மாவிடம் மெதுவாக, "ஆளவந்தார் விஷயமா வந்தேன்" என்றேன். "அந்தப் பேர்ல யாரும் இல்லையே. மாடி வீட்டுக்காரரா? புது நம்பர் சொல்லுங்க" என்றார். எழுபது வருஷத்துக்கு முன்னால் கோர்ட் வாசலில் கூட்டத்தைச் சமாளிக்க முடியாமல் போலீஸ் திணறிய வழக்கு. அந்தத் தெருவிலேயே இன்று அவர் யாரோ ஒரு வாடகைக்காரர்.

அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் கடற்கரை. "பீச்சில இறக்கிவிடுங்க" என்றதும் டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "இங்க ஏது சார் பீச்சு?" உண்மைதான். வரிசையாகக் கருங்கல் பாறைகள், அதற்கு இந்தப் பக்கம் கன்டெய்னர் லாரிகள், அந்தப் பக்கம் நேரே கடல். துறைமுகச் சுவர் கடலுக்குள் நீண்டபிறகு வடக்கே ஓடிவர வேண்டிய மணல் அங்கேயே தடுக்கப்பட்டுவிட்டது. தெற்கே மெரினா அகலமாகிக்கொண்டே போக, இந்தப் பக்கத்தைக் கடல் தின்றுவிட்டது. ஆக, போலீஸ் தலையை எடுத்த மணலே இப்போது இல்லை. ஒரு பாறைமேல் பெரியவர் ஒருவர் நீல நைலான் வலையைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்து, அறுந்த கண்களை முடிந்துகொண்டிருந்தார். கேட்கலாம் என்று வாய் வரை வந்தது. கேட்கவில்லை.

பாறையில் உட்கார்ந்து அய்யா சொல்லும் விதத்தை நினைத்துக்கொண்டேன். எழும்பூரில் ஏறிய டிரங்குப் பெட்டி. போட் மெயில், மூன்றாம் வகுப்பு, சீட்டுக்கு அடியில். நாற்றம் தாங்காமல் ஆட்கள் கத்த, மானாமதுரையில் இறக்கித் திறக்கிறார்கள். அந்த இடத்தில் அவர் நிறுத்தி வெற்றிலை போடுவார். நாம் உயிரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அப்பத்தா உள்ளேயிருந்து, "பிள்ளைகளுக்குச் சொல்ற கதையா இது?" என்பார். அப்புறம் மெட்ராஸ் டாக்டர்கள் தலையையும் உடம்பையும் பொருத்தி, ஒரே ஆள்தான் என்று சொன்ன கட்டம். அதைச் சொல்லும்போது நம் சோடாபுட்டியின் கழுத்தைத் தடவிக் காட்டுவார், ஞாபகமிருக்கிறதா?

ஒன்று உறைத்தது, மாப்பிள்ளை. அய்யா கதையில் பெட்டிக்கு வர்ணனை உண்டு, ரயிலுக்கு உண்டு, நாற்றத்துக்கு உண்டு. கொலை வழக்கில் மாட்டிய அந்தப் பெண்ணுக்குப் பேர்கூட இல்லை. "அந்தப் பொம்பள" அவ்வளவுதான். தேவகி. பிராட்வே பக்கம் பேனாக் கடையில் ஆளவந்தாரோடு ஏற்பட்ட பழக்கம். பிரபாகர மேனனைக் கட்டிக்கொண்ட பிறகும் ஆளவந்தார் விடாமல் தொந்தரவு செய்தார் என்றுதான் வழக்கில் பேச்சு வந்தது. நீதிபதி ஏ.எஸ்.பி. ஐயர் தூக்குப் போடவில்லை. மேனனுக்கு ஏழு வருஷம், தேவகிக்கு மூன்று. இன்னொரு பெண்ணும் இருக்கிறார், ஆளவந்தாரின் மனைவி. புருஷனைக் காணோம் என்று தேடி அலைந்தவர், கடைசியில் அடையாளம் காட்டப் போக வேண்டியிருந்தது. நாம் வாயைப் பிளந்து கேட்ட கதையில் இவர்கள் இரண்டு பேரும் எங்கே இருந்தார்கள்?

கொலைக்கு வக்காலத்து வாங்கவில்லை. பெரியவளுக்கு மூன்று மாதமாக ஒருவன் போன் மேல் போன். கல்லூரியில் பழகியவனாம். நம்பரை பிளாக் செய்தால் வேறு நம்பர். எங்களிடம் சொல்லவே இல்லை. ராத்திரி இரண்டு மணிக்குப் பால்கனியில் நின்று அழுதுகொண்டிருந்தபோதுதான் தெரிந்தது. புகார் கொடுத்திருக்கிறோம், இப்போது அடங்கியிருக்கிறான். இதை உன்னிடம்கூட இத்தனை நாள் சொல்லவில்லை பார். லீவு கிடைக்காததற்குக் காரணமும் இதுதான். அவளைத் தனியாக விட்டுவிட்டு வர மனசு வரவில்லை. போனில் எப்படிச் சொல்வது?

சரி, வேறு பேசுவோம். போட் மெயில் தனுஷ்கோடி வரை போய்த் தலைமன்னாருக்குக் கப்பலேற்றும் வண்டி. 1964 புயலோடு தனுஷ்கோடி போயிற்று, அப்புறம் மீட்டர் கேஜும் போயிற்று. மெட்ராஸில் மணலும் இல்லை. மிச்சம் உங்கள் ஸ்டேஷன்தான். அதற்காகவாவது தையில் வருகிறேன், அப்பத்தாவைப் பார்த்து நேரில் திட்டு வாங்கிக்கொள்கிறேன்.

அதற்குள் அப்பத்தாவிடம் ஒன்று கேட்டு வை. சில வருஷம் அய்யா, பெட்டியின் ஒரு கைப்பிடியைத் தானே பிடித்து இறக்கியதாகச் சொல்வார். சில வருஷம் பக்கத்தில் காப்பி விற்றுக்கொண்டிருந்ததாகச் சொல்வார். பெட்டி ஒரு தடவை பச்சை, ஒரு தடவை கறுப்பு. எனக்கு நிறம் மட்டும் தெரிந்தால் போதும்.

உன்,
குண்டன்