குமரிக் கடலுக்கு இன்னும் கருவிகள் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

2017 நவம்பர் 29-இல் தாழ்வு மண்டலமாக இருந்தது, மறுநாளே ஒக்கி புயலாகிவிட்டது. எங்கள் குமரி மாவட்டத்துத் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை விசைப்படகுகள் அதற்குப் பல நாள் முன்பே தங்கல் தொழிலுக்கு, அதாவது நாட்கணக்கில் கடலிலேயே தங்கி மீன்பிடிக்க, ஆழ்கடல் போயிருந்தன. கரையில் சொன்ன எச்சரிக்கை அவர்களை எப்படி எட்டும்? திரும்பாதவர்களின் வீடுகளைத் தாண்டித்தான் இன்றும் நடக்கிறோம்.

நிலநடுக்கோட்டுக்கு 8 பாகை வடக்கே இருக்கிறோம். இங்கே வானிலையைக் கணிப்பது இயல்பிலேயே கடினம். ஐரோப்பாவில் பெரிய காற்றழுத்த அமைப்புகள் நாட்கணக்கில் நகர்ந்து வரும். நமக்கோ, காலையில் வெயில் அடிக்கும். மதியம் திரளும் மேகம் ஒரு மலைச்சரிவில் மட்டும் கொட்டிவிட்டுப் போகும். பேச்சிப்பாறையில் அடைமழை பெய்கிற நாளில் கன்னியாகுமரியில் தரை நனையாமல் கிடப்பதைக் கண்டிருக்கிறேன்.

நிலத்தையும் கடலையும் 12 கி.மீ. கட்டங்களாகப் பிரித்துக் கணினியில் கணித்துவந்த இந்திய வானிலைத் துறை, 2025 மே முதல் 6 கி.மீ. கட்டத்துக்கு வந்திருக்கிறது. மனமார வரவேற்கிறேன். ஆனால் கணினிக்கு ஊட்ட அளவீடு வேண்டுமே! குமரிக் கடலில் காற்றையும் அலையையும் அளக்கும் மிதவைகளையும், மலையோரத்தில் தானியங்கி மழைமானிகளையும் கூட்டுங்கள். நீரோட்டமும் காற்றும் மாறுவதை முதலில் உணர்பவர்கள் மீனவர்கள். அவர்கள் சொல்வதையும் முறையாகப் பதிவு செய்யுங்கள். தங்கல் போகும் ஒவ்வொரு படகிலும் செயற்கைக்கோள் வழி எச்சரிக்கை பெறும் கருவி இருப்பதை அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன் அரசு உறுதி செய்ய வேண்டும்.

- ஒரு வாசகர், குளச்சல்