பவது, பவந்து: மகளுக்கு ஒரு கடிதம்

அன்பு மகளுக்கு,

தியான வகுப்பில் தினமும் கேட்ட 'பவது ஸப்ப மங்கலம்' என்பதற்கு 'எல்லாம் மங்கலமாகும்' என்று பொருள் கொள்ளலாமா என்று கேட்டிருந்தாய். கொள்ளக் கூடாதம்மா. அது எதிர்காலம் இல்லை. எதிர்காலமாக இருந்தால் 'பவிஸ்ஸதி' என்று வந்திருக்கும்.

பழைய பௌத்த நூல்களின் மொழியான பாலியில் 'பூ' என்பது ஆதல், இருத்தல் என்ற பொருள் தரும் தாது, அதாவது வினையின் வேர். அதோடு அகரம் சேரும்போது ஊகாரம் ஓகாரமாகி, பிறகு 'அவ்' என்று திரியும். அப்படிக் கிடைப்பதுதான் 'பவ' என்ற அடி. 'தி' சேர்ந்தால் பவதி, ஆகிறது. 'து' சேர்ந்தால் பவது, ஆகுக. ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். ஆனால் முதலாவது செய்தி, இரண்டாவது வாழ்த்து.

இந்தத் 'து' வரிசை விகுதிகளுக்குக் கச்சாயனரின் பழைய பாலி இலக்கணம் 'பஞ்சமீ' என்று பெயர் வைத்திருக்கிறது. ஏவலிலும் ஆசியிலும், காலம் சொல்லாமல் இவை வரும் என்பது அங்கே விதி. காலம் சொல்லாமல் என்பதை நன்றாகப் பிடித்துக்கொள். நம் வியங்கோளும் அப்படித்தானே? 'வாழ்க' என்பதில் காலம் காட்டும் இடைநிலை எதுவும் இல்லை. தமிழ் படித்த உனக்கு இது எளிதில் பிடிபடும் என்று எனக்கு நம்பிக்கை.

ஓர் இடத்தில் மட்டும் இரண்டும் பிரியும். யான் வாழ்க, நீ வாழ்க, அவர் வாழ்க என்று நம் வியங்கோள் இடம், பால் எல்லாவற்றுக்கும் பொது. பாலியோ ஒருமை, பன்மை பார்க்கும். அந்தப் பாட்டை முழுதாகப் பார்:

பவது ஸப்ப மங்கலம்
ரக்கந்து ஸப்ப தேவதா
ஸப்ப புத்தானுபாவேன
ஸதா ஸோத்தீ பவந்து தே

மங்கலம் ஒருமை, அதனால் பவது. 'தேவதா' ஒருமையிலும் பன்மையிலும் அப்படியே நிற்கக்கூடிய சொல். 'ரக்கந்து' என்று வினை பன்மையில் வந்துதான் காக்கப்போவது பல தேவதைகள் என்று காட்டிக்கொடுக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

அப்புறம், கடைசியில் உள்ள 'தே'யை 'அவர்கள்' என்று எடுத்துவிடாதே. அந்தப் பொருளும் அச்சொல்லுக்கு உண்டுதான். ஆனால் இங்கே பவந்துவுக்கு எழுவாய் ஸோத்தீ, நலங்கள். தே என்றால் உனக்கு. எல்லாப் புத்தர்களின் ஆற்றலாலும் என்றும் உனக்கு நலங்கள் உண்டாகுக.

இதே வினை சுருங்கி 'ஹோதி' என்றும் வழங்கும். ரதன சுத்தம் என்ற பௌத்தப் பாட்டில் திரும்பத் திரும்ப வரும் 'ஏதேன ஸச்சேன ஸுவத்தி ஹோது' என்ற அடியை எடுத்துக்கொள். எழுவாய் எது, ஹோது ஏன் ஒருமை என்று நீயே பிரித்து எழுதி அனுப்பு, பார்க்கிறேன்.

அன்புடன்,
அப்பா