எங்களுக்கும் படிக்கத் தெரிந்த மொழியில் ஒரு வரி போடுங்கள்: கோவில்பட்டி திரையிடல் நண்பர்களுக்குத் திறந்த மடல்

அன்புள்ள அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும்,

வணக்கம். அடுத்த மூன்று மாதத்துக்கான படப் பட்டியலை மாடிப்படி பக்கத்துச் சுவரில் ஒட்டியிருந்தீர்கள், நின்று முழுக்கப் படித்தேன். ஈரானிய இயக்குநர் கியரோஸ்தமியின் ‘நண்பனின் வீடு எங்கே’, ஜப்பானிய இயக்குநர் ஓசுவின் ‘டோக்கியோ ஸ்டோரி’, இத்தாலிய இயக்குநர் டி சிகாவின் ‘பைசிக்கிள் தீவ்ஸ்’, சாப்ளினின் மௌனப் படம் ‘தி கிட்’. இந்த ஊரில் எந்தத் தியேட்டரிலும் இவை ஒருநாளும் ஓடப்போவதில்லை. வாடகை அரங்கு, இரவல் புரொஜெக்டர், 60 பிளாஸ்டிக் நாற்காலி, டிக்கெட் கிடையாது, வாசலில் ஒரு உண்டியல். இதை வைத்துக்கொண்டு நீங்கள் மாதம் தவறாமல் நடத்துவது எவ்வளவு பாடு என்று, இரண்டு தடவை நாற்காலி அடுக்க வந்த எனக்குக் கொஞ்சம் தெரியும். அதனால்தான் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லாமல் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். பட்டியலின் கீழே சின்ன எழுத்தில் ‘ஆங்கில சப்டைட்டிலுடன்’ என்று போட்டிருக்கிறீர்களே, அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இந்தக் கடிதம் முழுவதும்.

போன வருஷம் ‘சில்ட்ரன் ஆஃப் ஹெவன்’ என்ற ஈரானியப் படம் போட்டீர்கள். அன்றைக்கு எங்கள் அம்மாவைக் கூட்டி வந்திருந்தேன். அம்மா 22 வருஷம் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கியவர். எட்டாவது வரை படித்தவர். காலையில் பேப்பரை முதல் பக்கம் தொடங்கி வரி விளம்பரம் வரை விடாமல் படிப்பார், இரவல் வாங்கி நாவல் படிப்பார். ஆனால் இங்கிலீஷ் என்றால் பஸ் போர்டு, மருந்துச் சீட்டு, அதோடு சரி. படம் தொடங்கிக் கால் மணி நேரம் நன்றாகத்தான் பார்த்தார். தங்கச்சியின் செருப்பை அண்ணன் தொலைத்துவிடுகிறான் என்பது யாரும் சொல்லாமலே புரிந்துவிட்டது. அப்புறம் அந்த இடம் வந்தது. அப்பா அம்மா காதில் விழக்கூடாது என்று அண்ணனும் தங்கச்சியும் நோட்டில் எழுதி எழுதிக் காட்டிக்கொள்கிற இடம். பேச்சே இல்லை, எழுத்து மட்டும்தான். எழுதியது பாரசீகத்தில், கீழே வந்தது ஆங்கிலத்தில். அம்மா என் பக்கம் சாய்ந்து, “என்னம்மா எழுதுதுக ரெண்டும்?” என்று கேட்டார். நான் சொல்ல வாயெடுத்தேன், பின்னாலிருந்து ஒருவர் “உஷ்” என்றார். அவர் மேல் தப்பு இல்லை, படம் பார்க்கும்போது பேசினால் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். ஆனால் அம்மா அதற்கப்புறம் படம் முடியும் வரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியில், “நல்ல படம்தான், பிள்ளைக நல்லா ஓடுச்சு” என்றார். அந்தப் பையன் ஏன் முதல் பரிசு வாங்கியும் அழுதான், மூன்றாம் பரிசுக்கு வைத்திருந்த ஷூவுக்காகத்தான் அவன் அந்தப் பந்தயத்துக்கே போனான் என்பதை, வீட்டுக்கு வந்து சோறு போட்டுக்கொண்டே நான் சொல்லித்தான் தெரிந்துகொண்டார். சொன்னதும் கையைச் சோற்றில் வைத்தபடி கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். அந்த நேரம் அரங்கில் கிடைத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு அவர் வரவில்லை. கூப்பிட்டால், “நீ போயிட்டு வா, வந்து கதையைச் சொல்லு” என்கிறார்.

இது அம்மா ஒருத்தருக்கு மட்டும் நடப்பதில்லை. நான் கவனித்துப் பார்த்த வரையில், முதல் தடவை வருகிறவர்களில் டீக்கடை அண்ணன், தையல்காரர், தீப்பெட்டி ஆபீஸ் அக்காக்கள், ஐடிஐ பையன்கள் எல்லோரும் உண்டு. இரண்டாவது மாதம் அவர்களைக் காணோம். திரும்பத் திரும்ப வருவது நாம் முப்பது பேர்தான்: ஆசிரியர்கள், பேங்க்காரர்கள், என்னைப் போல் கல்லூரி வரை போனவர்கள். இதைச் சென்ற கூட்டத்தில் ஒருவர் ‘மக்களுக்கு நல்ல சினிமா பிடிப்பதில்லை’ என்று விளக்கினார். அது உண்மை இல்லை, இதே அரங்கில் அது பொய்யானதை நீங்களே பார்த்திருக்கிறீர்கள்.

பாலு மகேந்திராவின் ‘வீடு’ போட்ட அன்று நாற்காலி போதாமல் பாய் விரித்தோமே, நினைவிருக்கிறதா? 1988இல் வந்த படம். சண்டை இல்லை, பாட்டு இல்லை. மெதுவாகப் போகிற படம்தான். ஒருவர்கூட எழுந்து போகவில்லை. காண்ட்ராக்டர் செய்யும் திருட்டை சித்தாள் மங்கம்மா போட்டு உடைக்கிற இடத்தில் அரங்கே சிரித்தது. படம் முடிந்து பேசும்போது, சித்தாள் வேலை பார்க்கும் ஒரு அக்கா எழுந்து, சிமெண்டில் எப்படிக் கை வைப்பார்கள், மணலை எப்படி அளவு காட்டுவார்கள் என்று பத்து நிமிஷம் சொன்னார். அதைப்போல ஒரு விமர்சனத்தை நம்மில் யாரும் இதுவரை பேசியது இல்லை. அந்த அக்காவும் அடுத்த மாதம் வந்தார், ஆங்கிலத்தில் எழுத்து ஓடியது, இடைவேளையில் போய்விட்டார்.

பட்டியலில் இருக்கும் படங்களையே பாருங்கள். ‘பைசிக்கிள் தீவ்ஸ்’ 1948இல் ரோம் நகரத்தில் எடுத்தது. வேலைக்கு சைக்கிள் வேண்டும், சைக்கிளோ அடகில் கிடக்கிறது, அதை மீட்க வீட்டுக்காரி படுக்கை விரிப்புகளை உருவிக்கொண்டு போய் அடகு வைக்கிறாள். அடகுக்கடைக்காரர் மூட்டையை வாங்கி மேலே மேலே ஏறி அடுக்குகிற அலமாரியில் ஊர்ப்பட்ட மூட்டைகள். இதற்கு வசனமே வேண்டாம், அண்டாவையும் குத்துவிளக்கையும் அடகுக்கடைக்குத் தூக்கிப் போன எந்த வீட்டுக்கும் புரியும். ஆனால் பின்னால், சைக்கிளைத் தொலைத்துவிட்டு அந்த மனிதர் குறி கேட்கப் போகிறாரே, அங்கே அந்தக் குறிகாரம்மா சொல்லும் பதில்தான் காட்சி. கிடைத்தால் உடனே கிடைக்கும், இல்லையென்றால் கிடைக்கவே கிடைக்காது என்கிறாள். ஆங்கிலத்தில் அதைப் படித்துவிட்டு நாம் அறிவாளித்தனமாகப் புன்னகை செய்வோம். தமிழில் வந்தால் இந்த ஊரில் பாதிப் பேர், “இதைச் சொல்லத்தான் காசு வாங்கினாளா” என்று வாய்விட்டுச் சொல்வார்கள். டி சிகா அதைக் கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார் என்று நான் நம்புகிறேன்.

தவறி எடுத்து வந்த நண்பனின் நோட்டைத் திருப்பிக் கொடுக்க ஒரு பையன் அலைகிற கதைதான் ‘நண்பனின் வீடு எங்கே’. அதில் ஒரு தாத்தா வருவார். சின்ன வயதில் தன் அப்பா வாரம் ஒரு காசும் பதினைந்து நாளுக்கு ஒரு அடியும் கொடுப்பார், காசை மறந்தாலும் மறப்பார், அடியை மறக்கவே மாட்டார் என்று பெருமையாகச் சொல்வார். இந்தப் பேச்சு புரியாவிட்டால் அந்தப் பையனின் ஊர் என்ன ஊர், அவன் ஏன் யாரிடமும் உதவி கேட்டுப் பயனில்லாமல் கிராமத்துக்குக் கிராமம் ஓடுகிறான் என்பது பாதிதான் புரியும். நம் ஊர்த் தாத்தாக்கள் இதே வாக்கியத்தை இதே பெருமையோடு சொல்லிக் கேட்டிருக்கிறோம். அப்படிப்பட்ட தாத்தா ஒருவர் நம் அரங்கில் உட்கார்ந்து இதைப் படிக்க வேண்டும் என்பது என் ஆசை.

‘டோக்கியோ ஸ்டோரி’க்கு வேறு ஒரு காரணமும் இருக்கிறது. ஜப்பானிய மொழியில் மரியாதைப் பேச்சுக்கென்றே தனி வினைவடிவங்கள் உண்டு. பெற்ற மகள் வெடுக்கென்று பேசுவதும், போரில் பறிபோன மகனின் மனைவி நோரிகோ மாமனார் மாமியாரிடம் அவ்வளவு பணிவாகப் பேசுவதும் காதிலேயே விழுகிற வித்தியாசம். ஆங்கிலத்துக்குப் போகும்போது எல்லாம் ஒரே ‘யூ’ ஆகிவிடுகிறது. நம்மிடம் ‘நீ’ இருக்கிறது, ‘நீங்கள்’ இருக்கிறது, ‘வா’ இருக்கிறது, ‘வாருங்கள்’ இருக்கிறது. ஆங்கிலம் தொலைத்ததைத் தமிழ் திருப்பிக் கொடுக்க முடியும். அதனால் தமிழ் சப்டைட்டிலை ஆங்கிலம் தெரியாதவர்களுக்குச் செய்கிற சலுகையாக மட்டும் நினைக்காதீர்கள். உங்களுக்கும் அது நல்ல படமாகத் தெரியும்.

முடியுமா என்று கேட்பீர்கள். பக்கத்து மாநிலத்தில் முடிந்திருக்கிறது. எம்சோன் என்ற பெயரில் கேரளத்தில் ஆர்வலர்கள் 2012 முதல் உலகப் படங்களுக்கு மலையாளத்தில் சப்டைட்டில் செய்து வருகிறார்கள், சம்பளம் எதுவும் இல்லாமல், இன்றைக்கு ஆயிரக்கணக்கான படங்கள். அவர்கள் முதன்முதலில் மலையாளத்துக்குக் கொண்டுவந்த படம் எது தெரியுமா? அதே ‘சில்ட்ரன் ஆஃப் ஹெவன்’. இதைத் தெரிந்துகொண்ட அன்று எனக்கு அம்மாவின் ஞாபகம்தான் வந்தது. ஒரு மலையாள அம்மா அந்த நோட்டில் எழுதியிருந்ததைப் படித்திருக்கிறார்.

நம்மிடமும் இந்த நினைப்பு ஒரு காலத்தில் இருந்தது. சென்னையில் நடராஜ முதலியார் எடுத்த ‘கீசகவதம்’ தென்னிந்தியாவின் முதல் மௌனப் படம். நூறு வருஷத்துக்கும் மேலாகிறது. காட்சிகளுக்கு நடுவே வசனத்தையும் கதையையும் காட்டும் அதன் எழுத்து அட்டைகள் ஆங்கிலத்தில் மட்டும் இல்லை, தமிழிலும் இந்தியிலும் இருந்தன. படிக்கத் தெரியாதவர்களுக்காகத் திரைக்குப் பக்கத்தில் நின்று கதையை உரக்கச் சொல்ல அந்தக் காலத்தில் ஆளும் இருந்தார்கள். காசு கொடுத்து வந்த கடைசி ஆளுக்கும் கதை போய்ச் சேர வேண்டும் என்று அவர்கள் நினைத்திருக்கிறார்கள்.

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குப் போனால் அது இரண்டாம் கை மொழிபெயர்ப்பு என்று உங்களில் ஒருவர் சொன்னார். சரிதான். டால்ஸ்டாயையும் தஸ்தயேவ்ஸ்கியையும்கூட நம்மில் பல பேர் ஆங்கிலம் வழியாக வந்த தமிழில்தான் முதலில் படித்தோம். அதற்காகப் படிக்காமல் இருந்தோமா? இன்னொருவர் அனுமதிப் பிரச்சினை வரும் என்றார். படத்தைத் திரையிட உரிமையாளருக்கு எழுதத்தானே செய்கிறீர்கள், அதே கடிதத்தில் ‘தமிழில் சப்டைட்டில் சேர்த்துக்கொள்கிறோம்’ என்று ஒரு வரி சேர்த்துக் கேட்டுவிடலாம். வேண்டாம் என்று சொன்னால் அந்த ஒரு படத்துக்கு விட்டுவிடலாம்.

வேலையும் பயப்படுகிற மாதிரி இல்லை. செய்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். சப்டைட்டில் கோப்பு என்பது வெறும் எழுத்துக் கோப்பு: ஒரு எண், எப்போது தோன்ற வேண்டும், எப்போது மறைய வேண்டும், கீழே வசனம். நோட்பேடில் திறக்கலாம். நேரக் கணக்கை ஆங்கிலக் கோப்பிலிருந்து அப்படியே எடுத்துக்கொண்டு வசனத்தை மட்டும் மாற்றினால் போதும். ஒருவாரம், ராத்திரி 10 மணிக்கு மேல் உட்கார்ந்து, ‘நண்பனின் வீடு எங்கே’ முழுவதையும் முடித்துவிட்டேன்.

கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. தமிழ்ச் சொல் நீளம், ஒரு வசனம் இரண்டு வரிக்குள் அடங்க வேண்டும், அதற்குள் கண் படித்து முடிக்கவும் வேண்டும், படத்தையும் பார்க்க வேண்டும். அதனால் சுருக்க வேண்டும். முதலில் நான் “நீ எங்கே சென்றுகொண்டிருக்கிறாய்?” என்று எழுதினேன். படித்துப் பார்த்தால் பாடப் புத்தகம். “எங்கே போறே?” என்று மாற்றினேன், அந்த அம்மா பேசியது. அதற்காகக் கரிசல் பேச்சையும் கொண்டுபோய்த் திணிக்கவில்லை, ஈரானியத் தாயைக் கோவில்பட்டிக்காரி ஆக்கினால் அதுவும் பொய். நமக்குள் யாராவது இரண்டு பேர் வரி வரியாக உட்கார்ந்து திருத்தினால் இன்னும் நன்றாக வரும். நான் எழுதியது குறையில்லாதது என்று சொல்லவில்லை. அப்புறம், நம் அரங்கு லேப்டாப்பில் ஒருமுறை போட்டுப் பார்த்தபோது கொம்பும் காலும் தனித்தனியாகப் பிரிந்து எழுத்தே சிதைந்து வந்தது. கோப்பை யுனிகோடில் சேமித்து, பிளேயரில் நல்ல தமிழ் எழுத்துரு ஒன்றைத் தேர்ந்தெடுத்ததும் சரியாகிவிட்டது. எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகவும் வைக்க வேண்டும், பின்வரிசைக்குத் தெரிய.

படிக்கவே தெரியாதவர்களை மறந்துவிடவில்லை. படம் தொடங்கும் முன் ஐந்து நிமிஷம், யார் யார், என்ன ஊர், கதை எங்கே ஆரம்பிக்கிறது என்று ஒருவர் எளிமையாகச் சொன்னால் போதும். இயக்குநரின் வாழ்க்கை வரலாற்றையும் வாங்கிய விருதுகளையும் படம் முடிந்த பிறகு பேசிக்கொள்ளலாம். ‘தி கிட்’டுக்கு எழுத்து அட்டைகள் கொஞ்சம்தான், அதற்கு ஒருவர் மைக்கில் தமிழில் வாசித்தாலே போதும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் வந்து உட்காரலாம்.

நான் கேட்பது இவ்வளவுதான். முதல் ஞாயிறுக்கு முன் சனிக்கிழமை சாயங்காலம் 5 மணிக்கு யாராவது ஒருவர் அரங்கைத் திறந்து வையுங்கள், பென் டிரைவோடு வருகிறேன், பெரிய திரையில் ஒருமுறை முழுசாக ஓட்டிப் பார்த்துவிடுவோம். சரியாக வந்தால் சுவரில் ஒட்டிய பட்டியலில் ‘ஆங்கில சப்டைட்டிலுடன்’ என்ற இடத்தில் ஒரு தாளை வெட்டி ஒட்டி ‘தமிழ் சப்டைட்டிலுடன்’ என்று பெரிதாக எழுதுங்கள். மற்ற இரண்டு படங்களுக்கு ஆள் சேர்ப்பது என் பொறுப்பு. கல்லூரியில் தமிழ் படிக்கும் மூன்று பேர் ஏற்கெனவே சரி என்று சொல்லியிருக்கிறார்கள். அந்தத் தாளைத் தீப்பெட்டி ஆபீஸ் வாசல்களிலும் தையல் கடையிலும் நானே போய்க் கொடுத்துவிட்டு வருகிறேன். சித்தாள் அக்காவின் வீடும் எனக்குத் தெரியும்.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. சனிக்கிழமை ஓட்டிப் பார்த்த பிறகு சொல்லலாம் என்று இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு ஒரு நாற்காலி எடுத்து வையுங்கள். முன்வரிசை வேண்டாம், கண்ணுக்கு ஆகாது. மூன்றாவது வரிசையில், ஃபேனுக்குக் கீழே.

அன்புடன்,
உங்கள் திரையிடலுக்குத் தவறாமல் வருகிற ஒருத்தி