கியர் பாக்ஸை இறக்கும் முன் ரிவர்ஸ் போட்டுப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வேலூர், குடியாத்தம் பக்கம் காய்கறியும் மாங்காயும் ஏற்றிக்கொண்டு இன்னும் ஓடும் பழைய மகேந்திரா பிக்கப்புகளுக்காக எழுதுகிறேன். எங்களுடையது அப்பா காலத்து வண்டி. டி-90 கியர் பாக்ஸ், முன்னால் போக மூன்றே கியர். இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காயை விடியற்காலையில் நேதாஜி மார்க்கெட்டுக்குக் கொண்டுபோவது இன்றைக்கும் இதில்தான்.

போன கோடையில் கியர் மாற்றும்போதெல்லாம் கறகறவென்று சத்தம். டவுனில் ஒரு பட்டறையில் காட்டினேன். ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்த தம்பி, "சிங்க்ரோ போச்சுண்ணே, பாக்ஸை இறக்கணும்" என்றார். (கியர் மாற்றும்போது பல்சக்கரங்களின் வேகத்தை ஒன்றாக்கி, சத்தமில்லாமல் சேர வைக்கும் ரிங் அமைப்புதான் சிங்க்ரோ.) ரிவர்ஸ் போட்டுப் பார்த்தீங்களா என்றேன். அது எதுக்கு என்றார்.

அதற்குத்தான் இந்தக் கடிதம். இந்தப் பாக்ஸில் முதல் கியருக்கும் ரிவர்ஸுக்கும் சிங்க்ரோவே கிடையாது. வண்டியை நிறுத்தி, இன்ஜினை மெதுவாக ஓடவிட்டு, கிளட்சை முழுக்க மிதித்து, நாலைந்து நொடி பொறுத்து ரிவர்ஸ் போட வேண்டும். கிளட்ச் சரியாக விட்டிருந்தால் அதற்குள் உள்ளே சுற்றும் பல்சக்கரங்கள் நின்றிருக்கும், கியர் சத்தமில்லாமல் விழும். அப்போதும் கத்தினால் கோளாறு கிளட்சில். பெடல் ஃப்ரீ பிளே, அதாவது கிளட்ச் பிடிக்கும் முன் பெடல் சும்மா இறங்கும் தூரம், கூடியிருக்கலாம், பிளேட் ஒட்டியிருக்கலாம், ஃப்ளைவீல் நடுவில், பாக்ஸ் ஷாஃப்டின் நுனியைத் தாங்கும் பைலட் புஷ் காய்ந்து பிடித்திருக்கலாம். ரிவர்ஸ் சுத்தமாக விழுந்து, ஓட்டத்தில் இரண்டாவது போடும்போது மட்டும் கத்தினால் சிங்க்ரோவைச் சந்தேகப்படுங்கள். எங்கள் வண்டியில் ரிவர்ஸும் கத்தியது. பெடல் கம்பியின் நட்டைத் திருகி ஃப்ரீ பிளேயை ஒரு அங்குலத்துக்குக் கொண்டுவந்தோம், சரியாகிவிட்டது. பாக்ஸில் கையே வைக்கவில்லை.

இரைச்சலையும் இப்படிப் பிரித்துவிடலாம். நியூட்ரலில் உறுமி, கிளட்சை மிதித்தால் நின்றுபோனால் பாக்ஸின் முன் பேரிங்கைப் பாருங்கள். மிதிக்கும்போது மட்டும் கீச்சென்றால், கிளட்சைத் தள்ளி விடுவிக்கும் ரிலீஸ் பேரிங். மலை இறக்கத்தில் காலை ஆக்சிலரேட்டரிலிருந்து எடுத்ததும் கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்தால் மட்டும் தள்ளிப்போடாதீர்கள். லோடோடு ஜவ்வாது மலை இறங்குகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பாக்ஸைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் தளர்ந்திருந்தாலும் இப்படி ஆகும், அதை முதலில் முடுக்கிப் பார்க்கலாம். அப்புறம்தான் மேல் மூடிக்குள் இருக்கும் ஸ்பிரிங், தேய்ந்த பல் எல்லாம்.

ஆயில் விஷயத்தில் பலரும் ஏமாறுகிறார்கள். நாலு சக்கரமும் இழுக்கும் வண்டியில் கியர் பாக்ஸுக்கும், இழுவையை முன் சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் நடுவே சீல் தேய்ந்தால், பாக்ஸ் ஆயில் அந்தப் பக்கம் போய்ச் சேரும். தரையில் ஒரு சொட்டு சிந்தாது, ஆனால் பாக்ஸ் வற்றும். இரண்டிலும் ஆயில் அளவு பார்க்கும் லெவல் பிளக்கையும் திறந்து பார்க்காமல் 'லீக்கே இல்லை' என்று சொல்லக் கூடாது. கடையில் கேட்கும்போது 90 கியர் ஆயில், ஜி.எல்-4 தரம் என்று சொல்லி வாங்குங்கள். ஜி.எல்-5 அச்சுக்குள் இருக்கும் கிரவுன் வீலுக்கு நல்லது, ஆனால் அதிலுள்ள கந்தகச் சேர்மானம் பித்தளை சிங்க்ரோ ரிங்கை அரிக்கக்கூடும். பழைய ஆயிலை வடிக்கும்போது தங்கப்பொடி மாதிரி கொஞ்சம் மின்னினால் பயமில்லை, இரும்புச் சில்லு வந்தால் பாக்ஸைப் பிரித்தே ஆக வேண்டும்.

பட்டறைப் பையன்களைக் குறை சொல்லி என்ன பயன்? அவர்கள் கற்றது முன்னால் போகும் எல்லா கியருக்கும் சிங்க்ரோ உள்ள புது வண்டிகளில். நம் மாவட்டத் தொழிற்பயிற்சி நிலையங்களில் இப்படிப்பட்ட பழைய பாக்ஸ் ஒன்றை வெட்டிவைத்து, கழற்றும் முன் செய்ய வேண்டிய சோதனைகளைச் சொல்லிக்கொடுத்தால் நல்லது. பட்டறைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: சோதனை செய்யும்போது வண்டிக்காரரைப் பக்கத்து சீட்டில் உட்கார வையுங்கள், கழற்றிய பழைய ரிங்கையும் பேரிங்கையும் அவர் கையிலேயே கொடுத்தனுப்புங்கள்.

இப்படிக்கு,
பிக்கப் வைத்திருக்கும் விவசாயி,
அணைக்கட்டு, வேலூர் மாவட்டம்.