அந்த ரைபிள் உலகப் போரைப் பார்த்ததில்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

பழைய ஆயுதங்களைப் பற்றிய சென்ற இதழ்க் கட்டுரையை ஆர்வமாகப் படித்தேன். ஆனால் அதில் வந்த ஒரு படத்துக்குக் கீழே “இரண்டாம் உலகப் போரில் பயன்பட்ட பிரிட்டிஷ் .303 ரைபிள்” என்று போட்டிருந்தீர்கள். ஆயுதப்படையில் ஆர்மரராக, அதாவது துப்பாக்கிகளைப் பழுது பார்ப்பவனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அதைப் பார்த்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை.

படத்தில் இருப்பது மேற்கு வங்கத்தின் இஷாபூர் தொழிற்சாலையில் செய்த 7.62 மி.மீ. ரைபிள். (இந்த எண்கள் குழல் துளையின் அளவு. .303 என்பது அங்குலக் கணக்கு.) தோட்டாக்கள் இருக்கும் மேகசினைப் பார்த்தாலே தெரிந்துவிடும். .303 மேகசினின் அடிப்பக்கம் சரிவாக இறங்கும், இதில் பெட்டி மாதிரி சதுரமாக இருக்கிறது. 1962 சீனப் போருக்குப் பிறகு வந்த ரைபிள் இது. பழைய .303-ஐக் குடைந்து மாற்றியது என்று பலர் நினைக்கிறார்கள். அதுவும் தவறு. இன்னும் வலுவான எஃகில் புதிதாகவே செய்தார்கள். முதலில் வந்த மாடல் 2ஏ. குறிபார்க்க உதவும் அதன் சைட்டில் 2,000 வரை இருந்த தூர அளவை 800 ஆகக் குறைத்து அப்புறம் வந்தது 2ஏ1. நம் தொழிலாளர்கள் செய்த பொருளுக்கான பெருமை அவர்களுக்கே சேர வேண்டும் என்பதுதான் என் ஆதங்கம்.

எந்த ஊர் ரைபிள் என்று அறிய, தோட்டாவை உள்ளே தள்ளும் போல்ட்டின் கைப்பிடிக்குப் பின்னால், தோளில் வைக்கும் மரக்கட்டை தொடங்கும் இடத்தில் வலதுபக்கம் பார்க்க வேண்டும். கிரீடம், அரசரின் எழுத்துகள், தொழிற்சாலைப் பெயர், ஆண்டு எல்லாம் அங்கேதான் இருக்கும். என்ஃபீல்ட், பி.எஸ்.ஏ. என்ற தொழிற்சாலைப் பெயர்கள் இருந்தால் இங்கிலாந்து. லித்கோ என்றால் ஆஸ்திரேலியா. ஜார்ஜ் மன்னரைப் பேரரசர் என்று குறிக்கும் ஜி.ஆர்.ஐ. என்று போட்டு இஷாபூர் என்று இருந்தால் விடுதலைக்கு முந்தைய இந்தியத் தயாரிப்பு. பின்னாளில் கிரீடம் போய், ஆர்.எஃப்.ஐ. (இஷாபூர் ரைபிள் தொழிற்சாலை) என்ற எழுத்தும் அசோகச் சிங்கமும் வந்தன. முனையோடு முனை முட்டும் இரண்டு அம்புக்குறிகள் இருந்தால் அரசு அதை விற்றுக் கழித்துவிட்டது என்று பொருள்.

ஆனால் எழுத்தை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். பெஷாவருக்குத் தெற்கே தர்ரா ஆதம் கேல் என்ற ஊரில் தலைமுறை தலைமுறையாகக் கையாலேயே ரைபிள் செய்கிறார்கள். முத்திரையையும் சேர்த்தே நகலெடுப்பார்கள். ஆப்கானிஸ்தானுக்குப் போன வெளிநாட்டுப் படைவீரர்கள் பலர் அசல் பிரிட்டிஷ் ரைபிள் என்று கடைத்தெருவில் வாங்கி வந்தவை இப்படிப்பட்ட நகல்கள்தான். ஆங்கிலம் படிக்கத் தெரியாதவர் வெட்டிய முத்திரையில் ‘என்’ (N) எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல இடவலமாகத் திரும்பியிருக்கும், கிரீடம் கோணலாக இருக்கும். விக்டோரியா ராணியைக் குறிக்கும் வி.ஆர். எழுத்துக்குக் கீழே 1910 என்று இருந்தால் சந்தேகப்படுங்கள், ராணி இறந்தது 1901-இல். (பழைய நீள ரைபிள்களை வெட்டிக் குட்டையாக்கியபோது முந்தைய எழுத்து அப்படியே நின்றதும் உண்டு. அதனால் ஆண்டையும் எழுத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.) அந்தக் கைவேலையை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த இரும்பின் தரத்தை யாரும் சோதித்ததில்லை. அதில் தோட்டா போட்டுச் சுடுவது உயிரோடு விளையாடுவது.

முத்திரை தேய்ந்து ஒன்றுமே தெரியாவிட்டால் ரைபிளின் உடல் பகுதியில் வெட்டிய வரிசை எண்ணை, அதாவது பாடி நம்பரைத் தேடலாம். பாடியில் உள்ள அதே எண் போல்ட்டிலும் குழல் முனையருகே உள்ள முன்மூக்கு இரும்பிலும் இருந்தால் பாகங்கள் ஒன்றாகப் பிறந்தவை. மாறியிருந்தால் பணிமனையில் கலந்துவிட்டன, போலி என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். பேரலுக்குள்ளும், அதாவது குழலுக்குள்ளும் பாருங்கள். காவல்துறைக்காக மாற்றிய .410 மஸ்கட் துப்பாக்கி வெளியே .303 போலவே இருக்கும், உள்ளே ரைஃப்ளிங் என்ற சுருள் வரிப்பள்ளங்கள் இருக்காது.

அடுத்த இதழில் அந்தப் பட விளக்கத்தைத் திருத்தி வெளியிடுங்கள். இனி இப்படிப் படம் எடுக்கும்போது, நான் சொன்ன வலதுபக்கத்தையும் கிட்டத்தில் வைத்து ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆயுதப்படை ஆர்மரர்,
வேலூர்.